சுடரில் விழுந்த உப்பு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆய்வகத்தில் யாராவது கற்பூரத்தைக் கையில் எடுத்தால் இன்னும் சீக்கிரம் வரும். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக எம்.இ. படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வக உதவியாளராக இருந்த அக்கா அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வருவார். ஆயுத பூஜையன்று ஹைட்ரஜன் சிலிண்டருக்குப் பொட்டு வைத்து, கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியும் எடுத்துவிட்டார். நான் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு மொத்தமும் எட்டிப் பார்த்தது.

என் ஆராய்ச்சி சாண எரிவாயுவைப் பற்றியது. அதில் கரியமில வாயு நிறைய இருப்பதால் மந்தமாக எரியும். காற்றைக் கூட்டினால் சுடர் குழாய் வாயை விட்டு எழும்பி, தள்ளாடி, அணைந்துவிடும். காற்றைக் குறைத்தால் நிற்கும். ஆனால் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடைக் கக்கும். கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்தால் சுடருக்கு வேகம் வரும். காற்று எவ்வளவு வந்தாலும் ஓரளவுக்குக் குழாய் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பேராசைப்பட்டு நிறையக் கலந்தால் குழாய்க்குள்ளேயே புகுந்து டப்பென்று வெடிக்கும். எவ்வளவு கலக்கலாம் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது.

முதல் தேர்வில், சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் சுடர் மூன்று முறை அணைந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி காட்டச் சொல்லிவிட்டுப் போனார். காற்று வால்வு பழுது என்றேன் நான். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. எரிவது எதுவானாலும் அவர் அணைந்தது என்று சொல்ல மாட்டார், குளிர்ந்தது என்பார்.

"மூணு வாட்டி குளிர்ந்துச்சுன்னா வால்வு இல்ல மேடம். உங்க மேல கண்ணு ஜாஸ்தி."

இரண்டாவது முறையும் தவறினால் பட்டம் கிடையாது, பட்டம் இல்லாவிட்டால் வேலையும் கிடையாது என்று கல்லூரியில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். வால்வை மாற்றினேன். பத்து நாள் ஒத்திகை பார்த்தேன். சுடர் வெளிர் நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சுத்தமாக எரிந்தது. பார்ப்பதற்கு ஜன்னலைச் சாத்தி எல்லோரும் குனிய வேண்டியிருந்தது.

தேர்வு நாள் வந்தது. அதே தேர்வாளர். பற்றவைத்தேன். சுடர் மஞ்சளாக எரிந்தது.

என் உயிரே போய்விட்டது. மஞ்சள் என்றால் கரி, கரி என்றால் அரைகுறை எரிப்பு என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் புகையை அளக்கும் கருவியில் கார்பன் மோனாக்சைடு மிகக் கம்மியாகத்தான் காட்டியது. பீங்கான் தட்டைச் சுடரில் பிடித்தேன்; துளிக் கரி இல்லை. பிறகு ஏன் மஞ்சள் என்று தேர்வாளர் கேட்டார். தெரியவில்லை என்றேன். பத்து நாள் ஒத்திகையில் இந்த ஒரு பதிலை நான் பழகவே இல்லை.

அப்போது கதவோரம் நின்றிருந்த அக்கா மெல்லச் சொன்னார்.

"காத்தால நான்தான் சார் சுத்திப் போட்டேன். மொளகா போட்டா நெடி அடிக்கும்னு உப்பு மட்டும் போட்டேன்."

குழாய் வாயில் இருந்த கம்பி வலைமேல் கல்லுப்பு! உப்பில் இருக்கும் சோடியம் எந்தச் சுடரையும் மஞ்சளாக்கும். இதையும் நான்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். கத்த வாயைத் திறந்தேன். நல்ல வேளையாகத் தேர்வாளர் முந்திக்கொண்டு சிரித்துவிட்டார். மஞ்சள் மங்கத் தொடங்கியதும், இன்னும் ஒரு சிட்டிகை போடச் சொல்லி அக்காவையே கூப்பிட்டார்.

ஜன்னலைத் திறந்து வைத்தே எல்லோரும் பார்த்தோம். ஹைட்ரஜனை நிறுத்திக் காற்றைக் கூட்டினேன். மஞ்சள் சுடர் வாயை விட்டு எழும்பிப் போய்விட்டது. ஹைட்ரஜன் கலந்து மறுபடி பற்றவைத்து அதே காற்றைக் கொடுத்தேன், அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஹைட்ரஜனால் சூடு ஏறினால் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு கூடுமே என்று தேர்வாளர் கேட்டார். கூடியது என்றேன், காற்றை இன்னும் கூட்டிச் சூட்டைத் தணித்தபோது குறைந்ததையும் காட்டினேன். எதையும் ஒளிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் காபி கேட்டார்.

அவர் போனதும் அக்கா வலையைக் கழுவ எடுத்தார். என் திட்டுக்குக் காத்திருப்பது முகத்தில் தெரிந்தது. காலையில் எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டேன். நான் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று முதல் பஸ்ஸில் வந்தாராம். எனக்குத் தெரிந்தால் கத்துவேன் என்று பயமாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் கோபத்துக்குப் பயந்துகொண்டே ஒருவர் எனக்காக விடியலில் பஸ் ஏறியிருக்கிறார்.

"பாத்தீங்களா மேடம், இன்னிக்கு குளிரவே இல்ல" என்றார்.

ஹைட்ரஜன், எரிவேகம், காற்றின் அளவு என்று சொல்ல என்னிடம் எண்பது பக்க ஆய்வறிக்கை இருந்தது. ஆமாம் அக்கா என்று மட்டும் சொன்னேன்.