கட்டு அக்காவும் நாற்பத்திரண்டு கட்டங்களும்

பிராணிகள் மருத்துவமனையில் எல்லோருக்கும் அவர் கட்டு அக்கா. பெருக்கித் துடைக்க வந்தவர், பார்த்துப் பார்த்தே கட்டுப் போடக் கற்றுக்கொண்டார். பத்தொன்பது வருடமாக அந்த அறையில் அவர் வைத்ததுதான் சட்டம். புண் என்றால் ஸ்பிரிட் ஊற்றி அழுத்தித் தேய்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

பீரங்கி என்ற நாய்தான் அப்படித் தேய்க்கும் கையைக் கட்டிப்போட்டது. லாரி உரசியதில் அதன் பின்னங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போயிருந்தது. ஒன்றரை மாதமாகியும் ஆறவில்லை. டாக்டரம்மா அதன் வயிற்றுக் கொழுப்பில் கொஞ்சம் எடுத்து, அதிலிருந்த ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பெருக்கி, புண்ணைச் சுற்றி ஊசியாகப் போட்டார்.

"பத்து நாள் பார்ப்போம். புண் சுருங்கலேன்னா காலை எடுக்கணும். சலைன்ல மட்டும் கழுவுங்கக்கா. ஸ்பிரிட் பட்டா புது செல் எல்லாம் செத்துடும்."

அன்று மாலை கட்டு அக்கா இதைத் தன் தையல்காரக் கணவரிடம் சொன்னார்.

"அதே துணியில ஒட்டுப் போடுறாங்க, அவ்வளவுதானே?" மெஷினை நிறுத்தாமலே கேட்டார் அவர்.

"ஒட்டு இல்லங்க. கிழிஞ்ச இடத்துல நூல் தானா வளருது."

"அப்ப என் பொழப்புல மண்ணு."

நான்காம் நாள் புண்ணில் மஞ்சளாய் ஈரம் கசிந்தது. கட்டு அக்காவின் கை தானாக ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போனது. பீரங்கியை வளர்க்கும் வாட்ச்மேன் வேறு பக்கத்தில் நின்று கிளறிவிட்டார்.

"தேய்ச்சுக் கழுவாம விடுறீங்களே, கை வலியா?"

"சும்மா இருங்கண்ணே. எனக்கே கை பரபரங்குது." பாட்டிலை அவர் கையில் திணித்தார். "இங்க வரும்போதெல்லாம் இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

அன்றிலிருந்து கேட்டைக் காப்பது போல அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக் காத்தார் வாட்ச்மேன்.

பத்தாம் நாள். சுத்தமான கண்ணாடித்தாளைப் புண்மேல் வைத்து, மார்க்கரால் ஓரத்தை வரைந்து, கட்டம் போட்ட காகிதத்தில் பொருத்தி எண்ணினார் கட்டு அக்கா. ஊசி போட்ட முதல் நாள் இதேபோல் வரைந்தபோது நாற்பத்திரண்டு கட்டம் இருந்தது. இன்று இருபத்தாறு. மறுபடி எண்ணினார். இருபத்தாறேதான்.

"டாக்டரம்மா, நான் தப்பா வரைஞ்சுட்டேன்போல. நீங்க ஒரு தடவை வரைங்க."

டாக்டரம்மா வரைந்தார், எண்ணினார், சிரித்தார். "ஆமா, தப்புதான். எனக்கு இருபத்தஞ்சுதான் வருது."

இரண்டு நாள் தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார்கள். பழைய கோட்டுக்குள் புதிய கோடு அடங்கிக் கிடந்தது. இடையில் இருந்த இடமெல்லாம் பீரங்கியின் காலில் இளஞ்சிவப்புத் தோலாகப் பளபளத்தது. டாக்டரம்மா பலகையில் பீரங்கிக்கென்று எழுதியிருந்த வெள்ளிக்கிழமை ஆபரேஷனை அழித்தார். வாட்ச்மேன் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "இதை இனிமே குடுக்கலாமா?" என்றார்.

கட்டு அக்கா வராந்தாவுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

"எண்ணிட்டேங்க. இருபத்தாறு."

மெஷின் நின்றது.

"அப்ப காலு?"

"இருக்குங்க. நாலு காலும் இருக்கு."