கடைப் பேருக்கு இடம்

அப்பாவின் விரல்களில் அச்சு மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை எப்போதும் இருக்கும். அந்த விரல்கள் கறுப்புப் பெட்டிக் காமிராவைப் பிடித்திருக்க, அதன் தலையிலிருந்த சின்னக் கண்ணாடிக்குள் தீப்பெட்டிப் படம் அளவுக்குச் சுருங்கிக் கிடந்த எங்கள் கண்மாயை நான் குனிந்து பார்த்தபோது மூக்கில் ஏறிய அந்த வாசனைதான், இன்றைக்கும் எனக்குச் ‘சீனரி’ என்ற சொல்லின் வாசனை.

சிவகாசியில் ‘சீனரி’ என்றால் காலண்டரில் வருகிற இயற்கைக் காட்சி. அப்பா ஒரு காலண்டர் கம்பெனியில் படம் வரைகிறவர். மதுரையைத் தாண்டி அறியாத அவர், வருடம் முழுக்கப் பனிமலையும் அருவியும் மான்குட்டியும் வரைந்துகொண்டிருந்தார். ஒரு தடவையாவது எங்கள் கண்மாயும் பனைமரங்களும் காலண்டரில் ஏறி, யார் வீட்டுச் சுவரிலாவது தொங்கவேண்டும் என்பது அவர் ஆசை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னபோது முதலாளி சிரித்துவிட்டு, “போட்டோ எடுத்துட்டு வாங்க, நல்லா இருந்தா இந்த சீசனுக்கே போட்டுருவோம்” என்றாராம். கொழும்பிலிருந்து வந்த சித்தப்பா விட்டுப்போன காமிரா வீட்டில் சும்மா கிடந்தது. அதை எப்படிப் பிடிப்பதென்று அப்பாவுக்கும் தெரியாது, பத்து வயதான எனக்கும் தெரியாது. இருவரும் ஒரே வகுப்பு.

படத்துக்கு வெளிச்சம்தானே வேண்டும் என்று, திருத்தங்கல் போகிற வழியிலிருந்த அந்தக் கண்மாய்க்கரையில் உச்சி வெயிலில் நின்று முதல் சுருளை எடுத்துத் தீர்த்தோம். ஸ்டூடியோக்காரர் கழுவிய படங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் விரித்தார். “மேல வெள்ளத் துணி, கீழ கருப்புத் துணி. இதுக்குப் பிலிம் எதுக்குண்ணே? டெய்லர்ட்டக் குடுத்தா ரெண்டையும் சேத்துத் தச்சுக் குடுத்திருப்பாரே!” என்றார். வானம் வெளுத்து, கரிசல் ஒரே கறுப்பாகி, கரையும் ஒரு பக்கமாகச் சரிந்து, கண்மாயே கவிழ்ந்து கொட்டிவிடும் போலிருந்தது. போதாததற்கு எல்லாப் படத்திலும் கீழ்ப்பாதி காலி. அது மட்டும் தெரியாமல் வந்ததில்லை. காலண்டர் படத்தின் அடியில் கடைக்காரர் பேரை அச்சடிக்க இடம் விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அப்பா, “கடைப் பேருக்கு எடம் விடு தாயி, கடைப் பேருக்கு எடம் விடு” என்று சொல்லிச் சொல்லியே காமிராவைத் தரையைப் பார்க்கச் சாய்க்க வைத்திருந்தார்.

அம்மா அந்தப் படங்களைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். “இம்புட்டு எடம் விட்டிருக்கீகளே, கடைப் பேரு எழுதவா, கடையே கட்டவா?” என்று கேட்டாள். அதோடு விடவில்லை. “உச்சி வெயில்ல போக நீங்க என்ன வத்தலா காயப்போடுறீக? வெயில் தாழப் போனா என்னவாம்?”

கேலிதான். ஆனால் அடுத்த சுருளுக்கு நாங்கள் வெயில் தாழத்தான் போனோம். பொழுதடைகிற நேரத்தில் பூச்சி பொட்டு கிடக்கும் என்று அம்மாவும் பின்னாலேயே வந்துவிட்டாள். மேற்கே சாய்ந்த வெயில் எங்கள் முதுகில் அடிக்க, உச்சி வெயிலில் வெறும் கறுப்பாகக் கிடந்த உழவுக்காட்டில் ஒவ்வொரு மண்கட்டியும் தனித்தனியாக எழுந்து உட்கார்ந்ததை, பனைகளுக்குக் கனம் வந்ததை, அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, கரையின் கோட்டைக் கண்ணாடியின் விளிம்போடு சமமாக்கி, மூச்சை அடக்கிக் கடைசிப் படத்தை நான் அழுத்தினேன்.

அதுதான் நன்றாக வந்தது. ஆனால் கடைப் பேருக்கு விட்ட இடத்தில் மூன்று நீள நிழல்கள் படுத்திருந்தன: நடுவில் நான், இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மாவின் கொண்டை. எல்லாம் கெட்டது என்று நான் அழுதேன்.

முதலாளி வெகுநேரம் பார்த்தாராம். “எடம் நல்லா விட்டிருக்கீக. ஆனா வெறுங் கரிசக்காட்ட எவன் காசு குடுத்து வாங்கி மாட்டுவான்? பின்னால ஒரு பனிமலையப் போடுங்க. அந்த நெழல எடுத்துருங்க” என்றாராம். அப்பா இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. அம்மாதான், “பனைக்குப் பின்னால பனிமலையா? பதனி ஒறஞ்சு போகுமே, எறக்க வாரவன் என்ன செய்வான்?” என்றாள். அப்பா அடக்கப் பார்த்து, முடியாமல், இருமி இருமிச் சிரித்தார்.

அந்த வருடம் காலண்டர் வந்தது. எங்கள் கண்மாய், எங்கள் பனைகள், பின்னால் பனிமலை. நிழலை எடுக்கச் சொன்னார்களே தவிர, அந்த இடத்தில் என்ன வரையவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா மூன்று பாறைகளை வரைந்திருந்தார், ஒன்று கொண்டை வைத்த பாறை. எங்கோ இருக்கிற ஒரு ஜவுளிக்கடையின் பேர் எங்கள் மூவர் மேலும் சிவப்பு எழுத்தில் ஓடியது. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா மலையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, “இப்பப் பாருங்க, நம்ம ஊரு” என்று காட்டினார்.

இப்போது நான் விருதுநகரில் இருக்கிறேன். தாள் கிழிந்து தீர்ந்த அந்தக் காலண்டர் அட்டை என் அடுக்களைச் சுவரில் தொங்குகிறது. “இந்த மல எங்க இருக்கும்மா?” என்று மகள் கேட்டபோது, குழந்தையிடம் உண்மையைச் சொல்வதா, இருக்கட்டும் என்று விடுவதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, அந்தப் பழைய காமிராவையும் அவளையும் எடுத்துக்கொண்டு போன வாரம் கண்மாய்க்குப் போனேன். பனைகள் இல்லை. அங்கே கம்பிவேலிக்குள் பட்டாசுக் கம்பெனியின் சின்னச் சின்னக் கட்டடங்கள் தள்ளித் தள்ளி நின்றன. மாமியார் தேடுவார்களே, குழந்தைக்கு வெயில் ஆகாதே என்று மனம் அடித்துக்கொண்டாலும், வெயில் தாழும்வரை இருந்து ஒரே ஒரு படம் எடுத்தேன்.

இன்னும் கழுவி வரவில்லை. கை ஆடியிருக்குமோ, கரை சரிந்திருக்குமோ, தெரியவில்லை. ஆனால் கீழே இடம் விட்டிருக்கிறேன். அதில் பெரிதாய் ஒன்று, சிறிதாய் ஒன்று, இரண்டு பாறைகள் இருக்கும்.