ஷூவின் மேல் போட்ட பழி

காலை டீ நேரத்தில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பிலிருந்து ஒருவர் விரல் கிழிந்து வந்தார். மருந்து வைத்துக்கொண்டிருந்தபோது, "ஏழுமலை அண்ணன் போய்ட்டாராம் சிஸ்டர். குரூப்ல போட்டுக்கீறாங்க, பாக்கலையா?" என்றார். பார்க்கவில்லை. விரலுக்குக் கட்டுப் போட்டு முடித்தேன், டேப்பை ஒட்டினேன், மறுநாள் வரச் சொன்னேன். அவர் அறையை விட்டு வெளியே போன பிறகுதான் உட்கார்ந்தேன்.

ஒரகடத்தில் நம் தொழிற்சாலையின் முதலுதவி அறையில் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஏழுமலை அண்ணனோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. வல்லம் வடகால்காரர், தகடு வளைக்கும் அச்சுகளைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். மெஷின் சத்தத்தையும் மீறிக் குரல் கேட்கும். என் அறைக்குள் வரும்போதே என் ஊரை இழுத்து, "இன்னா சிஸ்டர், விருதுநகர்ல மாட்டுக்கு ஊசி போட்டுகினு இருந்தீங்களா?" என்று ஆரம்பிப்பார். எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். அதைப் பார்க்கத்தான் வருகிறாரோ என்று தோன்றும். ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அதை எழுதாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு மனசு வரவில்லை.

சின்ன வயதில் நெல் அவித்த அண்டா சரிந்து, அவருடைய வலது கணுக்காலுக்கு மேலே வெந்துபோன தழும்பு ஒன்று இருந்தது. நாற்பது வருடப் பழசு. ஒரு வருடம் புதுவகை சேஃப்டி ஷூ வந்தது. அதன் மேல்விளிம்பு கணுக்காலுக்கு மேலே வரும், விறைப்பாக இருக்கும். பாதிப் பேருக்கு ஷூ கடி. என் அறை வாசலில் வரிசையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். தழும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவில் புண். "ஷூ கடிச்சிக்கிது சிஸ்டர்" என்றார். நானும் ஷூ கடி என்றே எழுதினேன். எட்டாம் நம்பருக்குப் பதில் ஒன்பது வாங்கிக் கொடுத்தோம். அதுவும் உரசுகிறதென்று இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடால் விளிம்பையே அறுத்துவிட்டார். சேஃப்டி ஆபீசர் போட்ட சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மற்றவர்களுக்குப் பத்து நாளில் ஆறியது. அவருக்கு ஆறவில்லை. பொருக்குக் கட்டும், உதிரும், தொட்டால் ரத்தம் கசியும். மாதங்கள் போகப் போக ஓரம் தடித்து மேடேறியது. நடுவில் காலிஃபிளவர் துண்டு போலச் சதை முளைத்தது. வாடையும் வந்தது. நான் என்ன செய்தேன்? மருந்தை மாற்றினேன். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வாரம் இருமுறை வரும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றால், "உங்க கையே போதும் சிஸ்டர்" என்பார். அதைக் கேட்டுப் பெருமைப்பட்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எட்டாவது மாதம், கட்டைப் பிரித்து வைத்திருந்த நேரத்தில் டாக்டர் எதற்கோ உள்ளே வந்தார். புண்ணின் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். தொடை இடுக்கைத் தொட்டுப் பார்த்தார். அங்கே நெல்லிக்காய் அளவில் கெட்டியாக நெறி கட்டியிருந்தது. "எத்தனை நாளா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பழைய தீத்தழும்பில் ஆறாத புண் வந்தால் தோல் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும், ஓரத்தில் துளி சதை எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்றார். நர்சிங் படித்தபோது நானும் படித்ததுதான்.

அண்ணன் அதன் பிறகு வேலைக்கு வரவில்லை. மூன்று வாரம் பொறுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி செல்வி அக்கா வாசலிலேயே அழுதார். "கத்தி பட்டா பரவிடும்னு எல்லாரும் சொல்றாங்க சிஸ்டர். எண்ணெ போட்டுகினு கீறாரு." உள்ளே போய்ச் சண்டை போட்டேன். "சோதிக்க எடுத்தா பரவாதுண்ணே. வச்சிக்கிட்டே இருந்தாத்தான் பரவும். எட்டு மாசத்த நான் தின்னுட்டேன், மிச்சத்த நீங்க தின்னுறாதீங்க." அவர் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "நீங்க தப்பா கட்டல சிஸ்டர். கட்டு அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. வெள்ளையா கீறத பாத்து, உள்ள ஒண்ணும் இல்லன்னு நெனச்சிக்கினேன்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தார். புற்றுநோய் என்று உறுதியானது. புண்ணைச் சுற்றியிருந்த நல்ல தோலையும் சேர்த்து அகலமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை அங்கே ஒட்டினார்கள். இடுக்கில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு. சிறிதாக இருந்தபோதே வந்திருந்தால் அநேகமாக வெட்டி எடுத்ததோடு முடிந்திருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். அண்ணன் தலையாட்டினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திரும்பி வந்தவருக்கு டூல் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். ஒருநாள் ஷிப்ட் தொடங்கும் முன் நடக்கும் கூட்டத்தில் பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார். "நல்லா பாத்துக்கோங்கபா. ஒரு மாசத்துல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும் டாக்டராண்ட காட்டுங்க. சிஸ்டராண்ட மட்டும் காட்டிட்டுப் போய்டாதீங்க." எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அவர் கேலி பேசவில்லை என்பது எனக்குத் தெரியும். அடுத்த மழைக்காலத்துக்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது.

சாவு வீட்டில் செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எட்டு மாசம் மூஞ்சி சுளிக்காம பாத்துக்கினீங்க" என்றார். 

விளிம்பு அறுத்த அந்த ஒன்பதாம் நம்பர் வலது ஷூ என் மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. நான்தான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது யார் வந்து ஷூ கடித்துவிட்டது என்றாலும், பஞ்சை எடுக்கும் முன்னால் எத்தனை நாளாச்சு, அந்த இடத்தில் பழைய தழும்பு ஏதாவது இருந்ததா என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. கட்டு மட்டும் போட்டுவிடுங்கள், லைனுக்குப் போகணும் என்கிறார்கள். அப்போது அந்த ஷூவை எடுத்து மேசைமேல் வைக்கிறேன். எட்டு மாதம் நாம் எல்லோரும் குற்றம் சொன்ன ஷூ. அது ஒன்றும் செய்யவில்லை.