பேனரில் தைத்த படகுப் பாய்

போன வருடம் ஆடி மாதம் நடந்தது இது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டு மிஷினில் உட்கார்ந்தவள். ரவிக்கையைக் கொடுத்து அனுப்பிய பிறகும், அக்குள் பிடிக்குமோ என்று தவிக்கிற ஜென்மம்.

அன்று ஒரு பெண் இரண்டு பழைய கல்யாண பேனர்களைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். கல்வராயன் மலை அடிவாரத்து அணையில் அவளும் கணவரும் மீன் பிடிக்கிறவர்கள். அவருக்குத் தோள் எலும்பு முறிந்ததிலிருந்து துடுப்புப் போடுவது இவள் ஒருத்திதான்.

"போறது பரவால்லக்கா. வலைய இழுத்துப் போட்டுக்கினு திரும்பறப்பதான் கை ஓஞ்சி போவுது. சாயங்காலம் மலைக்காத்து கரைப்பக்கம் அடிக்கும். ஒரு பாய் தெச்சிக் குடுத்தீங்கன்னா அதுவே படக தள்ளிக்கினு வந்துடும்."

அவள் உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்ததும், முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

நடுத்தண்ணீரில் பிரிந்துவிட்டால்? இரண்டு பேனரையும் இணைத்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டேன். மனசு கேட்கவில்லை. அதே கோட்டில் மறுபடியும், மறுபடியும் ஓட்டினேன். கொடுத்த பிறகும் நிம்மதி இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அணைக்கே போய்விட்டேன்.

"அவ்ளோ பயமா இருந்தா நீங்களே ஏறிப் பாருங்கக்கா" என்றாள்.

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"பாய்ல படமா நிக்கிற கல்யாண மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியுமா? சிரிச்சிக்கினு வர்றாரு பாருங்க" என்றார் அவள் கணவர்.

மூன்று பேரும் ஏறிப் போய் வலையை இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்பும்போது, பாயில் காற்று பிடித்தது. படகு தானாக நகர்ந்தது. அவள் துடுப்பை வைத்துவிட்டு, கைகளை மடியில் போட்டுக் கண்ணை மூடினாள். எனக்கே அழுகை வரும்போல இருந்தது.

திடீரென்று மலைப்பக்கமிருந்து ஒரு பலத்த காற்று. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தது. பாயின் கயிற்றை அவிழ்க்கப் பாய்ந்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது. அந்த நேரம் என் தையல் மேலிருந்து கீழ்வரை டர்ரென்று கிழிந்தது. காற்று அந்த வழியே போய்விட, படகு நிமிர்ந்தது.

"என் தையல் போச்சே!" என்று அழுதுவிட்டேன்.

"அழாதீங்க. கெட்டியா நின்னிருந்தா இந்நேரம் மூணு பேரும் மீனுக்குத் தீனி" என்றார் அவர், நனைந்த முகத்தோடு சிரித்து.

கிழிந்த ஓரத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பயத்தில் ஒரே கோட்டில் குத்திக் குத்தி, மாத்திரை அட்டையைப் பிய்க்க ஓட்டை போட்டிருப்பார்களே, அப்படி ஆக்கி வைத்திருந்தேன். அவள் துடுப்புப் போட, நான் சட்டியால் தண்ணீரை இறைத்தேன். கரை சேர்ந்தோம்.

இனி என் கடைப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வாரமே வேறு பேனரோடு வந்து நின்றாள்.

"இந்தத் தடவ ரெண்டு தையல் போதும்க்கா. கயித்த கட்டாம நான் கையிலயே புடிச்சிக்கிறேன். காத்து ஜாஸ்தியானா உட்டுடுவேன்."

பயந்துகொண்டேதான் தைத்தேன். ஆனால் இரண்டு தையலோடு நிறுத்தினேன். இப்போதும் சாயங்காலம் காற்று கிளம்பினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கூடவே, இந்நேரம் அவள் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்திருக்கும் என்ற நினைப்பும் வருகிறது.