சின்னத் தையலுக்கு நான் கொடுத்த லீவு

காலையில் பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில், எங்கள் பீங்கான் பட்டறையில் களிமண் மூட்டை தூக்கும் செல்வம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

போன வருஷம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். லேப்ராஸ்கோப்பியில் மூன்று சின்ன ஓட்டைதான்.

அதே ஆபரேஷனை வயிற்றைக் கிழித்துச் செய்துகொண்ட அவர் அண்ணனுக்கு இரண்டு மாதம் லீவு கொடுத்த சூப்பர்வைசர் நான். இவர் சட்டையைத் தூக்கிக் காட்டியதும், "இவ்ளோதானா? திங்கக்கெழம வந்துடுங்க" என்றேன். டாக்டர் சீட்டைப் படிக்கவே இல்லை.

"மறுபடியும் எறங்கிடுச்சி சார். இந்தத் தடவ கிழிச்சே பண்ணிடுங்கன்னு டாக்டருகிட்ட சொல்லிட்டேன்" என்றார் இப்போது.

"ஏங்க? லேப்ராஸ்கோப்பி நல்லதுதானே?"

"நல்லதுதான் சார். ஆனா தையலு பெருசா இருந்தாதான நீங்க லீவு குடுப்பீங்க?"

விருத்தாசலம் வருவதற்குள் அவருடைய புது டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கி முழுசாகப் படித்தேன்.

என்னைத் திட்ட நினைப்பவர்கள் கீழே கமெண்டில் திட்டலாம். அவர் திட்டவே இல்லை.