கர்நாடகா டவரில் ஐந்து மாதம்

ஓசூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. ஆளுக்கு ஒரு பட்டன் போன் வந்துவிட்டது, டேபிளுக்கு ஒரு கம்ப்யூட்டரும் வந்துவிட்டது. ஆனால் அதை என்ன செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. அந்த வேலை என் தலையில் விழுந்தது. 'கம்ப்யூட்டர் மேடம்' என்பதுதான் எனக்கு அங்கே பெயர்.

எங்கள் சூப்பர்வைசர் உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களிடம் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். நல்ல மனிதர்தான், ஆனால் மூன்று வாரமாகத் தினமும் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். "கண்ணை மூடிக்கிட்டா தூங்கிட்டதா அர்த்தமா சார்? கீழ அந்தப் பெட்டி ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு கெடக்கு" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்கும் பாவம், தூக்கம் வேணுமில்லீங்களா மேடம்" என்று சொல்லிவிட்டு, எப்படி அணைப்பது என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

இப்படித்தான் ஆரம்பித்தது. பத்து வரி அடித்ததும் ஒரு தடவை சேவ் பண்ணுங்கள், ஓசூரில் கரண்டை நம்பாதீர்கள். இன்டர்நெட்டில் எதையும் இரண்டு தட்டு தட்டாதீர்கள், ஒன்று போதும். பர்ச்சேஸில் ஒருவர் ரயில் டிக்கெட்டுக்கு இரண்டு தட்டு தட்டி ஒரே ஆளுக்கு இரண்டு சீட் வாங்கிவிட்டார். பாஸ்வேர்டை எழுதி கீபோர்டுக்கு அடியில் வைக்காதீர்கள், எல்லோரும் முதலில் தேடுகிற இடம் அதுதான். போனில் நம்பரைப் பதியும்போது முன்னால் பிளஸ் தொண்ணூற்றொன்று சேர்த்தே பதியுங்கள். இது எங்கள் ஊருக்கென்றே உள்ள யோசனை. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும், வெறும் பத்து எண்ணை அழுத்தினால் அந்தப் பக்கத்திலிருந்து லைன் போகாது.

சொல்லிக் கொடுத்ததும் "தேங்க்ஸ் மேடம்" என்பார்கள். அவ்வளவுதான், திரும்பிப் போய்விடுவார்கள். கேன்டீனில் என் எதிரே யாரும் உட்கார மாட்டார்கள். குறை சொல்லவில்லை. மதுரைக்காரர்கள் ஒரு டேபிள், சேலம்காரர்கள் ஒரு டேபிள், உள்ளூர்க்காரர்கள் ஒரு டேபிள். நான் கோவில்பட்டிப் பக்கம். அங்கிருந்து வந்த பெண் நான் ஒருத்திதான். எத்தனையோ நாள் காலை வணக்கத்துக்கும் சாயங்கால வணக்கத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டரைப் பற்றித் தவிர வேறு எதையும் நான் பேசியதில்லை. அது எனக்கு வலித்தது. அதை மறைத்துக்கொள்ளத்தான் அவ்வளவு வாய் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூஜூவாடியில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் கர்நாடகம். கீழே வீட்டுக்காரம்மா, ஆனேக்கல் பக்கத்துக்காரர், கன்னடம் தவிர வேறு எதுவும் வராது. படியில் பார்த்தால் "ஊட்டா ஆய்தா?" என்பார். சாப்பாடு ஆச்சா என்று கேட்கிறார். "ஆய்த்து" என்பேன். எங்கள் உறவு அந்த இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். இதை அம்மாவிடம் அப்படியே சொன்னால் பயந்துவிடுவாள். அதனால் குடிவந்த புதிதில், "அந்தம்மாவுக்குத் தமிழ் பேச வராதும்மா, ஆனா நாம பேசினா நல்லாப் புரியும். என்னைப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கிடுதாங்க" என்று அளந்துவிட்டேன்.

அம்மா ஊரில் தனியாக இருந்தாள். அப்பா இல்லை, நான் ஒரே பிள்ளை. அந்த வருடம் பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது எங்களுக்குள் பெரிய சண்டை வந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லியிருந்தாள். வந்தவர்கள் முன்னால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர்கள் போனதும் அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். "உன்னை மாதிரி ஒருத்திகூட எவன்டி குடும்பம் நடத்துவான்? கடைசி வரைக்கும் ஒத்தையாத்தான் கெடப்ப." வேறு யார் சொல்லியிருந்தாலும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். ஏற்கெனவே ஒத்தையாகக் கிடப்பவளிடம் பெற்றவள் அதைச் சொன்னால் என்ன செய்வது? "இனிமே எனக்குப் போன் பண்ணாத" என்று சொல்லிவிட்டு அன்று மாலையே பஸ் ஏறினேன்.

அதுவரை ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு அம்மா தெருமுனைக் கடையிலிருந்து கூப்பிடுவாள். பண்ணாதே என்று சொன்னேனே தவிர, பண்ணுவாள் என்றுதான் இருந்தேன். அந்த வார்த்தையை அவள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். முதல் ஞாயிறு போன் அடிக்கவில்லை. சரி, ரோஷம் என்று நினைத்தேன். இரண்டாவது ஞாயிறும் அடிக்கவில்லை. நானாகக் கூப்பிட்டிருக்கலாம், கடைக்காரரிடம் சொன்னால் ஆள் அனுப்பிக் கூட்டிவருவார். எனக்கும் ரோஷம். யாரைக் கூப்பிடப்போகிறோம் என்று பொங்கலுக்குப் பிறகு போனில் காசு போடுவதையும் குறைத்துவிட்டேன். பதினோரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். பன்னிரண்டரைக்கு எழுந்து சோறு வைப்பேன். மாசி போனது, பங்குனி போனது, சித்திரையும் போனது. பெற்ற தாய் என்னைக் கைகழுவிவிட்டாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அந்த நாட்களில் எனக்குத் தவறாமல் வந்த ஒரே செய்தி ஒரு எஸ்.எம்.எஸ். வேலை முடிந்து அறைக்குப் போனதும் ஆங்கிலத்தில் ஏதோ 'வருக வருக' என்று வரும். ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் படிக்காமலே அழித்துவிடுவேன். ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவள், என் போனுக்கு வருவதை ஒரு தடவை முழுதாகப் படித்ததில்லை.

ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை சூப்பர்வைசர் என் டேபிளுக்கு வந்து நின்றார்.

"மேடம், நேத்து ஸ்டாக் ஷீட்டு தொறக்கலீங்க. உங்களுக்கு மூணு தபா போன் போட்டேன். பெங்களூரு போயிருந்தீங்களா?"

"இல்லையே சார், ரூம்லதான் இருந்தேன். போனே வரலையே."

"கன்னடத்துல ரெக்கார்டு பேசுதுங்க. நீங்க கூப்பிட்ட ஆளு எல்லைக்கு வெளிய இருக்காருன்னு. எங்க, போனைக் குடுங்க."

வாங்கிப் பார்த்தார். கம்பெனிக்குள் சிக்னல் சரியாகத்தான் இருந்தது. "உங்க ரூமு எங்கீங்க?" என்று கேட்டார். ஜூஜூவாடி என்றதும் சிரித்துவிட்டார். "அதான பார்த்தேன். நீங்க இங்கயே இருக்கீங்க, உங்க போனு மட்டும் டெய்லி சாயங்காலம் பார்டர் தாண்டிப் போயிடுது. அங்க கர்நாடகா டவருதான் கிட்ட. அதைப் புடிச்சுக்கும். ரோமிங்குல பேலன்ஸ் பத்தலைன்னா உள்ள வர்ற காலும் வராதுங்க. வருக வருகன்னு மெசேஜ் வந்திருக்குமே?"

அவரே செட்டிங்ஸுக்குள் போய், நெட்வொர்க் என்பதில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு, மேனுவல் வைத்து, நம் பக்கத்து டவரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். "பார்டர்ல குடியிருக்கிறவங்க எல்லாரும் இதைத்தாங்க மொதல்ல பண்ணணும். எங்க ஆளுங்களுக்கு எல்லாம் தெரியும்." அரை நிமிட வேலை. நான் தேங்க்ஸ் சொன்னேனா என்றுகூட நினைவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

அம்மா கூப்பிட்டிருப்பாளா? அதுதான் தெரியவில்லை. வராத அழைப்புக்குப் போனில் தடயமும் இல்லை. கூப்பிடவே இல்லை என்றால், அந்த ஐந்து மாதத்துக்கு இப்போது சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வாரம் ஏழு நாளும் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே குளித்துவிட்டு, நம் டவர் போகாமல் இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்று ஐந்துக்கு அடித்தது. கடை நம்பர். எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"வணக்கம்மா. நான்தான் அவ அம்மா பேசுதேன். நல்லா இருக்கீகளா? பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுதாளா? நீங்க பாட்டுக்குப் பேசிட்டு வச்சிராதீக, நான் சொல்லுதத கொஞ்சம் கேளுங்க. போன வாரம் ஒண்ணு சொன்னேம்லா, அத அவகிட்டச் சொல்லிட்டீகளா?"

யாரிடம் பேசுகிறாள் என்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஞாயிறு தவறாமல் கூப்பிட்டிருக்கிறாள். கன்னடத்தில் ஒரு பெண் குரல் பேசியிருக்கிறது. நான் ரோஷத்தில் போனை எடுக்க மாட்டேன், வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அந்தம்மாவுக்குத் தமிழ் புரியும் என்று அளந்தவள் நான்தானே. ஐந்து மாதமாக என் அம்மா ஒரு ரெக்கார்டிடம் நலம் விசாரித்திருக்கிறாள்.

"அம்மா, நான்தான்" என்றேன்.

கடை வாசலில் சைக்கிள் மணி அடிப்பது கேட்டது. 

"நீயா? அந்தம்மா இல்லையாட்டி?"

"அவங்க கீழ இருக்காங்க."

"நீதான் பேசாதன்னுட்டியே. அதான் அவுககிட்டயே கேட்டுக்கிடுவேன்" என்றவள், கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "போன வாரம் உன்கிட்டச் சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னேன். சொன்னாகளா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது மெஷின் அம்மா, உனக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். கடைக்காரருக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கும் முன்னால் மனதைத் திறந்து பேசியவளிடம் அதை எப்படிச் சொல்வது? என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"சொன்னாங்கம்மா."

"முழுசும் சொன்னாகளா?"

"முழுசும்."

"அப்பச் சரி" என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலட்டி." நானும் அழுதேன், அவளும் அழுதாள். எதற்காக என்பது அவளுக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதில்லை. ஆடியில் அம்மாவே ஓசூர் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து வீட்டுக்காரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடி. கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் தனியாகக் கொண்டுவந்திருந்தாள். கீழே போனதும் அந்தம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க புண்ணியம்தாம்மா. அன்னைக்கு அவ்வளவு அழுதேனே, பொறுமையாக் கேட்டுக்கிட்டீகளே" என்றாள்.

அந்தம்மா என்னைப் பார்த்து, "ஏனு?" என்றார். என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார்.

"என்னட்டி முழிக்காக? நான் வேகமாப் பேசுதேன் போல. நீ கன்னடத்துல கேளு, அன்னைக்கு நான் சொன்னது அவுகளுக்கு ஞாபகம் இருக்கான்னு."

 இதைவிட்டால் வேறு வழி கிடைக்காது என்று தோன்றியது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "நீ என்ன சொன்னன்னு சொல்லும்மா. அப்பத்தான நான் அவங்கட்ட கேட்க முடியும்?" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "போடி அங்கிட்டு. ஒரு தடவை சொல்லதுக்கே உசுரு போய் உசுரு வந்துச்சு. அதான் முழுசும் சொன்னாகன்னு சொன்னேல்லா, பெறகென்ன?"

நான் அந்தம்மாவிடம் திரும்பி, எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், அம்மா உங்களுக்கு மிட்டாய் கொண்டுவந்திருக்கிறாள் என்று சொன்னேன். அவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். "பார்த்தியா, ஞாபகம் இருக்கு" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு பல வருடம் அம்மா என்னோடுதான் இருந்தாள். அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவள் இல்லை. என்னைப் பற்றி, எனக்காக, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் நின்று அழுதுகொண்டே அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.