லூர்துசாமி திருப்பிப் போட்ட ஹேண்டில்

சொல்தா லூர்துசாமி இறந்துபோன செய்தியைக் கலியமூர்த்திதான் கொண்டுவந்தார். எங்கள் அலுவலகத்தில் பியூன். குரும்பகரத்தில் கொஞ்சம் நிலமும் உண்டு. வருகைப் பதிவேட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "லூர்துசாமி ஐயா தவறிட்டாருங்க சார். நாலு மணிக்கு எடுக்குறாங்களாம்" என்றார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அப்படியா" என்றேன். அடக்கத்துக்குப் போகவில்லை.

விளையாட்டுக் கழகத்தார் இரங்கல் மலர் போடுகிறார்கள். அவரோடு பழகியவன் என்று என்னையும் எழுதச் சொன்னார்கள். கேட்டு வந்தவர் காட்டிய கட்டுரை ஒன்றில், 'காரைக்காலுக்குச் சைக்கிள் கலையைக் கற்பித்த மேதை' என்று இருந்தது. அவரிடம் சைக்கிளைச் சரிசெய்யக் கொடுத்து வாங்கியவர்கள் இந்த ஊரில் ஐம்பது பேராவது இருப்பீர்கள். இந்த வரியைச் சிரிக்காமல் படிக்க உங்களால் முடிகிறதா?

பிரெஞ்சுப் படையில் பதினைந்து வருடம் சிப்பாயாக இருந்தவர் என்பதால் 'சொல்தா'. சமையற்கட்டில்தான் இருந்தார் என்று கூட இருந்தவர்களே சொல்வார்கள். எழுபதுகளின் நடுவில் பென்ஷனோடு திரும்பியபோது, கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில் வைத்த பந்தய சைக்கிள் ஒன்றும் கப்பலில் வந்தது. அதை அவர் துடைத்துப் பார்த்திருக்கிறேன், ஏறிப் பார்த்ததில்லை. அந்தச் சைக்கிளைக் காட்டியே, வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு சர்வீஸ் கடை தொடங்கினார். பஞ்சர் ஒட்டச் சொன்னால் முகம் சுளிப்பார். "அதுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போங்க. இங்க ஆளு உக்கார்ற நெலையத்தான் பாக்குறது."

ஆனால் ஆளைத்தான் அவர் பார்த்ததே இல்லை. சைக்கிள் பக்கத்தில் நின்று, தன் இடுப்பெலும்புக்கு நேராக சீட்டை வைத்து முடுக்குவார். அவர் குள்ளம். நெரவியிலிருந்து வந்த ஆறடி உயர வாத்தியார் ஒருவர், முழங்கால் ஹேண்டிலில் இடிக்க இடிக்க ஓட்டிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்தது.

கோவில்பத்திலிருந்து தினமும் சைக்கிளில் அலுவலகம் வருகிறவன் நான். அவர் சீட்டைத் தொட்ட பத்தாம் நாள் எனக்கு முழங்கால் வலி வந்தது. போய்ச் சொன்னேன். "வலிக்கணும். வலிச்சாதான் தொடை வேலை செய்யுதுன்னு அர்த்தம். பிரான்சுல அழுதுகிட்டே ஓட்டுவான்" என்றார். வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகால் எட்டிக் கால் நேராக நீளும் வரை சீட்டை உயர்த்தினேன். நான்கு விரற்கடை. ஒரு வாரத்தில் வலி போயிற்று. அதையும் சொன்னேன். "அப்ப உங்க காலு கோணலா இருக்கும்" என்றார்.

இவ்வளவு தெரிந்தும் கலியமூர்த்தியை அவரிடம் அழைத்துப் போனவன் நான்தான். எண்பதுகளில் கழகத்தார் ஒரே நாளில் அடுத்தடுத்து மூன்று பந்தயம் என்று அறிவித்தார்கள்: அரசலாற்றில் நீச்சல், குரும்பகரம் போய்வர சைக்கிள், கடற்கரைச் சாலையில் ஓட்டம். நாங்கள் இருவரும் பெயர் கொடுத்தோம். நீச்சலில் கலியமூர்த்தியை மிஞ்ச ஆளில்லை. சைக்கிள்தான் பழசு. எத்தனை இளக்காரம் இருந்தாலும், அந்தப் பந்தய சைக்கிள் என் கண்ணையும் கட்டியிருந்தது.

"நெஞ்சு கீழ போவணும். காத்தக் கிழிக்கணும்" என்று லூர்துசாமி கலியமூர்த்தி சைக்கிளின் ஹேண்டிலைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். நடு போல்ட்டைப் பூட்டும்போது, பிரான்சில் ஏதோ ஒரு மலைப்பாதையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

பந்தயத்தன்று கலியமூர்த்தி முதலாவதாகக் கரையேறினார். சைக்கிளிலும் குரும்பகரம் வரை அவர்தான் முன்னால். ஊர் எல்லையில் அவர் சொந்தக்காரர்கள் கூடி நின்ற திருப்பத்தில் ஹேண்டில் திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. நேராக வாய்க்கால் மதகில் போய் மோதினார். பின்னால் வந்த நான் இறங்கி ஓடினேன். ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போக, நான் சைக்கிளை நிமிர்த்தினேன். ஹேண்டில் என் கையில் தனியாகச் சுற்றியது.

பந்தயத்தைத் தொடர்ந்து ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்த லூர்துசாமி குதித்து இறங்கி, என்னிடமிருந்து சைக்கிளை வாங்கி, இடுப்பிலிருந்த ஸ்பேனரால் போல்ட்டை முடுக்கினார். நடுவர் வந்ததும், "ஹேண்டிலு கெட்டியாத்தான் இருக்கு, பாத்துக்குங்க. ஓட்டத் தெரியாம திருப்பிட்டாரு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "பின்னாடி நீங்கதான வந்தீங்க? சொல்லுங்க."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஏறி ஓட்டினேன். இரண்டாவதாக வந்தேன், ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள்.

கலியமூர்த்திக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றும் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. லூர்துசாமியைத் தெருவில் பார்த்தாலே நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பொய்யர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே போவேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

கழகத்தார் கேட்டு வந்த மறுநாள், இந்தக் கட்டுரையில் உண்மையை எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன் கலியமூர்த்திக்குத் தெரிய வேண்டும். மதியம் அவர் சாப்பிட்டு முடித்த நேரம் பார்த்துப் போய், "அன்னைக்கு ஹேண்டிலு லூசா இருந்துச்சு. அவரு முடுக்குனத நான் பாத்தேன்" என்றேன்.

"தெரியும்ங்க சார்." டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே சொன்னார். "மூணாம் நாளே ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாரு. தப்பு எம்மேலதான் கலியமூர்த்தி, அந்த சாரையும் பொய் சொல்ல வச்சிட்டேன்னு காலப் புடிச்சிகிட்டு அழுதாருங்க. கழகத்துல போயி சொல்றேன்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேங்க."

லூர்துசாமிக்குச் சைக்கிள் தெரியாது. அந்த எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மலர்க்குழுவினருக்குப் பிடிக்காவிட்டால் இதை விட்டுவிடலாம். ஆனால் அவரிடமிருந்து எனக்கென்று ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: "தப்பு எம்மேலதான்" என்ற அந்தப் பேச்சு. கலியமூர்த்தியின் எதிரில் நின்றபோது எனக்கு அது வாயில் வரவில்லை. ஹேண்டில் லூசாக இருந்தது என்பதுவரைதான் வந்தது.